மாலுமி கண்ணாடியைத் தட்டுகிறார்

தண்ணீர் போதும், காபி வேண்டாம். படிக்க ஏதாவது இருந்தால் கொடுங்கள், பழைய செய்தித்தாள் ஆனாலும் சரி. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தீர்களே, அந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த தீ விபத்துக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டேன். மோசமில்லை. 'பதற்றப்படாமல் வெளியேறவும்' என்பதை மட்டும் கடைசியில் வைத்திருக்கலாம். முதல் வரியிலேயே போட்டுவிட்டதால் மீதியெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது.

நான் வந்தது அக்காவுக்காக. ஸ்டூடியோவில் ரெக்கார்டிங்கை நிறுத்தும் பட்டன் அவள் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த நடிகருக்கு உடம்பு சரியில்லை என்பதும் அவளுக்கு முன்பே தெரியும். அப்படியும் அவள் நிறுத்தவில்லை. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் நீங்கள் நினைப்பதுபோலத்தான் தோன்றும். அவளும் "நான்தான் அவரைக் கொன்னுட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பிழை. அச்சில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டால் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வராது. அதனால் வந்தேன்.

நான் படித்து வளர்ந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த மாதிரி அறையில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும், உட்கார்ந்திருப்பவன் இருபது பக்கத்துக்குப் பேசுவான். நான் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டேன்.

அந்தத் தொலைக்காட்சித் தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'தும்பி' என்ற விண்கலம், அதை ஓட்டுகிற மாலுமி. அம்மா வேலைக்குப் போன பிறகு நானும் அக்காவும் கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்போம். பயமான இடம் வந்தால் அக்கா என் கண்ணைப் பொத்திவிட்டு, நடப்பதை அவளே சொல்லுவாள். "ஒண்ணுமில்ல பூனை, அந்த ஆளு தூங்கிட்டான்." என் செல்லப் பெயர் பூனை, சத்தமில்லாமல் நடப்பேன், மூலையில் உட்கார்ந்து படிப்பேன் என்பதால். பல வருஷம் கழித்து அந்தப் பகுதிகளைத் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அக்கா கதையில் தூங்கின ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஆறு பேர் செத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா கதையை மாற்றிச் சொல்லுகிறவள் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைசிப் பகுதி நினைவிருக்கிறதா? தும்பியில் காற்று கசிகிறது. எல்லோரையும் சின்னக் கலத்துக்கு அனுப்பிவிட்டு மாலுமி மட்டும் நடுக்கூடத்தில் நிற்கிறார். இடையில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் திறந்தால் வெளியே இருக்கிறவர்களும் செத்துப்போவார்கள். அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கிறார். திரை வெள்ளையாகிறது. அவ்வளவுதான். செத்தாரா பிழைத்தாரா என்று ஊரே வருஷக்கணக்கில் சண்டை போட்டது. நான் சண்டை போடவில்லை. எனக்குத் தெரியும், அவர் செத்துவிட்டார். வெள்ளைத் திரை என்பது யாரோ நம் கண்ணைப் பொத்தியதுதான்.

அந்தக் கடைசிப் பகுதியை நாவலாக எழுதித் தரச் சொல்லிப் பதிப்பாளர் என்னைக் கூப்பிட்டபோது, வேறு யாரைக் கூப்பிட முடியும் என்றுதான் தோன்றியது. கூடவே ஒலிநூலும் வரும், மாலுமியாக நடித்தவரே படிப்பார், ரெக்கார்டிங் என் அக்கா. அவள் அந்த ஸ்டூடியோவில்தான் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தாள். என் பெயரைச் சொன்னதும் அவள்தான்.

"டி.வி.ல வெள்ளையாக்கி முடிச்சுட்டாங்க. புஸ்தகத்துல வெள்ளைத் தாளைக் குடுத்தா எவன்மா வாங்குவான்? உள்ள என்ன நடந்துச்சுன்னு எழுதிடு" என்றார் பதிப்பாளர்.

அந்தச் சந்திப்புக்கு நடிகரும் வந்திருந்தார். மாலுமி சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், வாசலில் செருப்புத் தைக்கிறவர்கூட. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எழுத்தாளரம்மா, அவன் பொழைச்சுட்டா என்னம்மா குறைஞ்சுடும்? ஊரும் சந்தோஷப்படும், எனக்கும் வேலை கிடைக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேடிக்கைபோலக் கேட்கிறவர்கள்தான் நிஜமாகக் கேட்கிறவர்கள்.

அன்றையிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். என் இடத்தில் இருந்து பாருங்கள். புத்தகத்தில் நான் எதை எழுதினாலும் அது காகிதத்தில்தான் இருக்கும். ஒலிநூலில் அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் கதை. முப்பது வருஷமாக ஊர் மயங்கிக் கிடக்கிற குரல். கடைசியில் ஒரு வரியை மாற்றி, 'அப்போது கதவு திறந்தது' என்று அவர் படித்துவிட்டால் யார் என் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கப் போகிறார்கள்?

அவர் வேலை செய்யும் விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது.

எழுதியிருப்பதைச் செய்வார். மாலுமி ஓடினார் என்று இருந்தால், சாக்ஸோடு நின்ற இடத்திலேயே ஓடிவிட்டு, அந்த மூச்சிரைப்போடு அடுத்த வரியைப் படிப்பார். படி ஏறினார் என்று இருந்தால் மைக் பக்கத்தில் கிடக்கிற சின்னப் பலகையில் ஏறி இறங்குவார். சட்டைப் பையில் சத்தம் போடும் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். சாவி, கண்ணாடிக் கூடு எல்லாம் வெளியே மாட்டியிருக்கும் கோட்டில். இரைச்சல் விழும் என்று உள்ளே ஏசியையும் அணைத்துவிடுவார்கள். அவர் படிக்கும் அறைக்கும் அக்கா உட்காரும் வெளி அறைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. உள் அறைக் கதவு பெரிய அலமாரிக் கதவு மாதிரி கனம், ரப்பர் வைத்து அடைத்தது. உள்ளிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். பக்கங்களை முன்கூட்டிப் படிக்கவும் மாட்டார். முன்னாடியே தெரிந்துவிட்டால் குரல் பொய் சொல்லும் என்பார்.

அத்தியாயத்தை நடுவில் நிறுத்தவும் மாட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் அவர் பயங்கரமாக இருமியபோது அக்கா பதறிப்போய் நிறுத்திவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம்.

"என்னம்மா, கையில பக்கத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றே? இருமல் எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்கு சார். நிஜமாவே இருமுறீங்களோன்னு பயந்துட்டேன்."

"நிஜமாத்தான் இருமுவேன். பொய்யா இருமறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான், அவனைக் கூப்பிட்டுக்கோ. இனிமே பக்கத்தைப் பாத்துட்டு பட்டனைத் தொடு. எழுதியிருந்தா தொடாதே. நடுவுல நிறுத்தினா அதுக்கு உயிர் போயிடும்."

அதற்குப் பிறகு அக்கா பென்சிலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே கேட்பாள். பக்கத்தில் எழுதியிருப்பது தவறில்லை, எழுதாதது தவறு. அதுதான் அந்த அறையின் சட்டம். போட்டது அவர், நான் இல்லை.

அவருடைய மூச்சு சரியில்லை என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. ஸ்டூடியோ இரண்டாவது மாடி. ஒருநாள் நான் இறங்கி வரும்போது அவர் படித் திருப்பத்தில் உட்கார்ந்து, நீல நிற இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். உதடும் அதே நீலமாக இருந்தது. கண்களை மூடியிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. நானும் சத்தமில்லாமல் மறுபடி மேலே ஏறிப்போய்விட்டேன். ஒரு பெரிய மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது இல்லையா?

பிறகு பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். அவள் நர்ஸ். கதைகளுக்கு அவளிடம்தான் சந்தேகம் கேட்பேன்.

"கேளு. ஆனா போன தடவை மாதிரி என் பேரைப் போட்டு நன்றி சொல்லித் தொலைக்காதே. வார்டுல கிண்டல் தாங்கலை."

"அறுபது தாண்டின ஆளு. நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. காத்து வராத சின்ன ரூம். ஏணி ஏறி, ஓடி, அப்புறம் மூச்சை அடக்கிக்கிட்டா என்ன ஆகும்?"

"உன் கதையிலயா? செத்துடுவான்."

"நிஜத்துல?"

"நிஜத்துல அவ்ளோ தூரம் போக மாட்டான்டி. பாதியிலேயே உக்காந்துடுவான். உயிர்மேல ஆசை இல்லாத மனுஷன் யாரு? ஆமா, என்ன கதை எழுதுற நீ, ஒருத்தனும் உருப்பட மாட்டான்போல."

அவளுக்கு மாலுமி சாரைத் தெரியாது. எழுதியிருந்தால் அவர் போவார்.

கடைசி அத்தியாயத்தில் ஏணி வைத்தேன். தும்பியில் ஏணி கிடையாது, தொடரில் யாரும் ஏணி ஏறியதில்லை. பதிப்பாளருக்குப் பிடித்திருந்தது. "ஏணி நல்லா இருக்கும்மா, படம் மாதிரி ஓடுது" என்றார். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மாலுமி மறுபடி மறுபடி ஏறுகிறார். பிறகு நீண்ட நடையை ஓடிக் கடக்கிறார். மிச்சமிருக்கும் காற்றை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார். நல்ல பக்கங்கள். நீங்கள் படித்துப் பார்க்கலாம். என் பையில் ஒரு பிரதி இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் நடவடிக்கையிலும் மாற்றம் தெரிந்தது. நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். வீட்டில் சாப்பிடும்போது "சார் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "என்னத்தை சொல்வார், பழைய கதைதான்" என்று தட்டைக் கழுவ எழுந்துவிடுவாள். சிறு வயதில் கண்ணைப் பொத்துவாளே, அதே குரல்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் மதியம் நான் சீக்கிரம் போய்விட்டேன். இருவரும் அந்த அடைத்த அறைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து உதடுகள்தான் தெரிந்தன. அவர் விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். அக்கா வெளியே ஓடிவந்து பட்டனை அழுத்தினாள், சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"எப்ப வந்தே?"

"இப்பதான். என்ன தட்டிட்டிருக்கார்?"

"மைக் டெஸ்ட்."

கண்ணாடியைத் தட்டி யாரும் மைக் சோதிக்க மாட்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. நாளைக்கு என் முடிவு வருவதற்கு முன்னால் அவர் தட்டுவார், அவள் நிறுத்துவாள், என்னை ஏதாவது சொல்லி வெளியே அனுப்பிவிட்டு இருவரும் வேறு முடிவைப் பதிவு செய்வார்கள். மாலுமி தூங்கிவிட்டான், பூனை. அப்படி ஒரு முடிவு.

அன்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திருத்தினேன். தொடரில் அவர் உள்ளங்கையைத்தான் வைப்பார். நான் இப்படி எழுதினேன்: 'மாலுமி விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார், மறுபடியும். வெளியே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திறக்கவில்லை. அவரை நேசித்ததால்தான் திறக்கவில்லை. அதன் பிறகு நெடிய மௌனம்.'

எத்தனை முறை தட்டினார் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அக்கா எண்ணியிருப்பாள்.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. உதடு மட்டும்தான் தெரிந்ததா, பேச்சு கேட்கவில்லையா என்று. சரிதான், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. வெளி அறையில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. "முடியலைன்னா தட்டுறேன், பக்கத்துல என்ன இருந்தாலும் நீ நிறுத்திடு. ஏசியைப் போட்டுக் கதவைத் திற. என் கோட்டுல மருந்து இருக்கு" என்று அவர் சொன்னது கேட்டது. "பூனைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே சார், கஷ்டமானதையெல்லாம் எடுத்துடுவா" என்று அக்கா சொன்னதும், "வேண்டாம்மா. தெரிஞ்சா மாத்திடுவா. அந்தப் பொண்ணு எழுதினபடியே இருக்கட்டும்" என்று அவர் சொன்னதும் கேட்டன.

என் எழுத்துக்காகத்தான் அவர் மறைத்தார் என்று அக்கா இப்போது அழுகிறாள். இருக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் போட்டிருப்பது தெரிந்தே, எனக்குக் கேட்கட்டும் என்று அப்படிப் பேசியிருக்கலாம் அல்லவா? அவர் நடிகர். அக்கா கதையை மென்மையாக்கிச் சொல்லுகிறவள். நான் இரண்டையும் முன்பே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை திருத்திய பக்கத்தை இருவரின் தாள் கட்டுகளிலும் மாற்றி வைத்தேன். கட்டு அப்படியே கனமாகத்தான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அவர் கோட்டை மாட்டிவிட்டு, "இன்னிக்கு என்னை எவ்வளவு தூரம் ஓட விட்டிருக்கீங்க எழுத்தாளரம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்ச தூரம்தான் சார்."

"செத்துடுவேனா?"

"அதைச் சொல்லிட்டா குரல் பொய் சொல்லுமே சார்."

வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஆண் சிரிப்பு என்றால் அதுதான்.

அவர் படித்த மாதிரி இனி ஒருவர் படிக்க முடியாது. ஏணிக்குப் பலகையில் ஏறி இறங்கினார். ஓடினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்காவின் பென்சில் வரிகளின் கீழே போய்க்கொண்டிருந்தது, ஆனால் கண் அவர்மேலேயே இருந்தது. நான் இரண்டாவது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சை அடக்கும் இடம் வந்தது, அடக்கினார். பிறகு அந்தத் திருத்திய பக்கம் வந்தது.

'மாலுமி விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார்' என்று படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எழுதுகிறவர்களுக்கு அந்தப் பார்வை அடிக்கடி கிடைக்காது. ஒரு வாசகருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது என்று தெரிகிற பார்வை.

எழுதியிருந்தபடி தட்டினார். அந்தத் தட்டல் நடிப்பு. அடுத்ததும் நடிப்பாக இருக்கலாம். அதற்கடுத்தது இல்லை. உள்ளங்கையால் அடித்தார். அக்கா பாதி எழுந்துவிட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, "பூனை, இது நிஜம்டி, அவர் எங்கிட்ட சொல்லியிருக்கார்" என்றாள்.

நான் அவள் கையைப் பட்டனிலிருந்து எடுத்துப் பக்கத்தின்மேல் வைத்தேன். "பக்கத்தைப் பாருக்கா. தட்டுறார்னுதான் இருக்கு. நிறுத்தினா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

அவள் பார்த்தாள். படித்தாள். என்னை நம்பினாள். மறுபடியும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டபோது உள்ளே சத்தம் எதுவும் இல்லை. பக்கத்திலும் நெடிய மௌனம் என்றுதான் இருந்தது. அவள் அதையும் பொறுத்துக்கொண்டு காத்திருந்தாள், பாவம். ஏணி வைத்தது நான். தட்டுவதை எழுதியது நான். கையைப் பிடித்தது நான். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா செய்ததெல்லாம் தங்கை சொன்னதைக் கேட்டதுதான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒரு விஷயம். பதிப்பாளர் அந்தப் பதிவை வெளியிடலாமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வெளியிடட்டும். ஓர் இடத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்த அந்த நேரத்தில் அவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சே இல்லாத குரலில், "போதும், எழுத்தாளரம்மா" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது. அந்த வரி என் பக்கத்தில் இல்லை.

நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை பாருங்கள். கடைசியில் அவர் முடிவை மாற்றத்தான் பார்த்தார்.